அக்காவின் அழைப்புமணி

உங்கள் எலக்ட்ரீஷியன் அந்தப் பெட்டியைத் திறந்தபோது மூடியின் திருகாணி ஒன்றைத் தவறவிட்டார். அது மேசைக்கு அடியில் உருண்டு போனது. அவர் குனிந்து தேடவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, மேடம். அவசரத்தில் யாருக்கும் நடப்பதுதான். ஆனால் அந்த அளவுத் திருகாணி இப்போதெல்லாம் கடையில் கிடைப்பதில்லை. எங்கள் வீட்டைப் பெருக்கும்போது யார் கண்ணிலாவது பட்டால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

உள்ளே பார்த்துவிட்டு, “வேலை ரொம்ப சுத்தமா இருக்கும்மா” என்றார் அவர். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. உங்கள் முகத்தைப் பார்த்தார். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அவர் சொன்னது உண்மைதான். ஸ்டெபிலைசரும் பேட்டரி சார்ஜரும் செய்கிற பட்டறையில் என் பாதி ஆயுள் போயிருக்கிறது. கம்பி சுற்றப் போனவள், பெட்டிக்குள் வயரிங் செய்து சோதித்து அனுப்புகிறவளாக ஆனேன். என் கை பட்டுப் போன எதுவும் ஷாக் அடிக்கிறது என்று திரும்பி வந்ததில்லை. அக்காவுக்குச் செய்து கொடுத்ததும் அப்படித்தான். என் வயரிங்கால் அவளுக்கு ஒரு சின்னக் கெடுதலும் வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா என்னைவிட நிறைய மூத்தவள். அம்மா போனபோது எனக்குத் தனியாகத் தலை பின்னிக்கொள்ளத் தெரியாது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அக்கா பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தாள். சாயங்காலம் அவள் கதவைத் திறக்கும்போதே வெண்ணெயும் சர்க்கரையும் கலந்த வாசனை உள்ளே வரும். உடைந்த பிஸ்கட்டுகளைக் கம்பெனியே பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடும். முழு பிஸ்கட் என்று ஒன்று இருப்பதே எனக்குப் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் கையில் பார்த்துத்தான் தெரிந்தது. “உள்ள போனா எல்லாம் உடையத்தானே போகுது, இவங்க நமக்கு அந்த வேலையை மிச்சம் பண்ணிக் குடுத்துட்டாங்க” என்பாள்.

மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை அவளுடையது. ரகசியம் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். எனக்குத் தலை நரைத்த பிறகும் பாப்பாதான். ஒருமுறை வங்கியில் என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அது யார் என்று அவளும் என்னோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தாள்.

அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். “பாப்பாவும் என்கூட வருவா” என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவாள். போனவர்கள் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவள் ஒருநாளும் என்னிடம் மூக்கைச் சிந்தியதில்லை. என்னை மின்சாரத் தொழில் படிக்க அனுப்பியதும் அவள்தான். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று பெரியப்பா கேட்டதற்கு, “கரண்டுக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா பெரியப்பா, யார் தொட்டாலும்தான் அடிக்குது” என்றாளாம்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கு அவள்மேல் பாசம் இல்லை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது தவறு.

நோய் அவள் காலில் ஆரம்பித்தது. தெருவில் நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். அவள் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பாள். நான் எடுத்துக்கொண்டு ஓடுவேன். இருவரும் சிரித்திருக்கிறோம். பிறகு கையிலிருந்து ஸ்பூன் விழுந்தது. நரம்பு சம்பந்தப்பட்டது, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாத் தசையும் ஓய்ந்துகொண்டே போகும், ஆனால் புத்தி கடைசிவரை தெளிவாக இருக்கும் என்றார் டாக்டர். அதை ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் கட்டிலோடு ஆனபோது நான் பட்டறைக்குப் போவதை நிறுத்திவிட்டு வேலையை வீட்டுக்கு வாங்கிக்கொண்டேன். முன்னறையில் மேசை போட்டேன். அக்கா உள்ளறையில். நடுவில் ஒரு சின்ன நடை, ஒரு கதவு.

கடைசியில் நோய் அந்தத் தொண்டைக்கும் வந்தது. காதை வாயருகே கொண்டுபோனால்தான் கேட்கும் அளவுக்குக் குரல் தேய்ந்துவிட்டது. சளி வந்தால் துப்பவும் பலம் இல்லை. அதை உறிஞ்சி எடுக்க ஒரு சின்ன மெஷின் வாங்கிக் கட்டிலருகே வைத்தோம். அதை எப்போது போட வேண்டும் என்று அவள்தான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வாள். அதற்குத்தான் மணி.

கடையில் விற்கிற அழைப்புமணியை வாங்கி மாட்டியிருக்கலாம். ஆனால் அதன் பொத்தானுக்குள் வீட்டு மின்சாரமே ஓடும். அக்காவை நாள் முழுக்க ஈரத்துணியால் துடைக்கிறோம். அவள் உள்ளங்கை எப்போதும் வியர்த்திருக்கும். அந்தக் கையில் அவ்வளவு மின்சாரத்தைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் டிரான்ஸ்ஃபார்மர்.

சின்னதுதான், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு பக்கம் வீட்டு மின்சாரம் போகும், மறுபக்கம் பன்னிரண்டு வோல்ட் வரும். அதை ஈரக்கையால் பிடித்தாலும் தெரியாது. ஆபத்தெல்லாம் முதல் பக்கத்தில். அதனால் அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். யாராவது தடுக்கி வயரை இழுத்துவிட்டாலும் உள்ளே கழன்று வராதபடி பெட்டியின் வாயிலேயே கவ்வி இறுக்கினேன். மின்சாரம் வருகிற ஃபேஸ் வயரில் முதலில் ஃபியூஸ், பிறகு சுவிட்ச், அதற்குப் பிறகுதான் டிரான்ஸ்ஃபார்மர். அதன் இரும்புக்கும் பெட்டிக்கும் எர்த் கொடுத்தேன். பெயின்டைச் சுரண்டிவிட்டுக் கொடுத்தேன். பெயின்ட் மேலேயே வைத்து முடுக்கினால் அது எர்த் இல்லை, அலங்காரம். ஈயம் வைத்துப் பற்றவைத்த ஒவ்வொரு இடத்துக்கும் உறை போட்டேன். இந்தப் பக்க வயரும் அந்தப் பக்க வயரும் உரசிக்கொள்ளாதபடி வேறு வேறு ஓட்டை வழியாக வெளியே எடுத்தேன். பன்னிரண்டு வோல்ட் பக்கத்துக்கும் தனியாக ஒரு ஃபியூஸ் வைத்தேன். முடித்ததும், எங்கேயாவது கசிகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். முதல் தடவை மின்சாரத்தை நேராகக் கொடுக்கவில்லை. நடுவில் ஒரு குண்டு பல்பைப் போட்டுக் கொடுத்தேன். உள்ளே தப்பு இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். எரியவில்லை.

கதவைத் திறந்து வைத்திருந்தேன். அக்கா கட்டிலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அருகே போய்க் குனிந்தபோது கேட்டாள்.

“ரெண்டு கம்பியும் தொடவே தொடாதுங்கிறே. அப்புறம் எப்படி இங்கேருந்து அங்க போகுது?”

“ஒண்ணுல ஓடுனா இன்னொண்ணுக்குத் தானா தெரிஞ்சிடும்க்கா.”

“அப்ப அக்கா தங்கச்சின்னு சொல்லு” என்றாள்.

பொத்தானை அவள் பிடிக்க வேண்டியதே இல்லை. ஒரு மெல்லிய தகடு, அதன்மேல் விரலைச் சாய்த்தாலே போதும். விரலின் கனத்துக்கே வேலை செய்யும்படி அதை வளைத்து வளைத்துச் சரிசெய்ய எனக்கு ஒரு பகல் பிடித்தது. அதில் எனக்குப் பெருமை உண்டு. முன்னறையில் மணி அடிப்பது கதவைச் சாத்தினால் அவளுக்குக் கேட்காது. “அடிச்சுச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும் பாப்பா?” என்றாள். நியாயமான கேள்வி. அவள் கண் எட்டுகிற இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு வைத்தேன். விரலைச் சாய்த்தால் முன்னறையில் மணி அடிக்கும், அவள் எதிரே விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் பாப்பா வருவாள். அவ்வளவுதான் ஏற்பாடு.

மாடிவீட்டு டீச்சர் வந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “பெத்த பிள்ளைங்க செய்ய மாட்டாங்கம்மா இப்படி” என்றார். காலையில் மட்டும் வந்து அக்காவைக் குளிப்பாட்டிவிட்டுப் போகிற ஆயா, தான் வேலை செய்யும் மற்ற வீடுகளிலும் என்னைப் பற்றிச் சொன்னாள். தெருவில் போனால் எனக்குத் தெரியாதவர்கள்கூட நின்று அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். உச்சி குளிர்ந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

முதலில் தேவைக்குத்தான் அடித்தாள். தலையணையைத் திருப்ப, தண்ணீருக்கு, சளிக்கு. பிறகு தேவை இல்லாமலும் அடித்தாள். ஓடிப்போய்க் குனிவேன். “ஒண்ணுமில்ல. சும்மாதான்” என்பாள். திரும்பிவந்து பற்றவைப்புக் கோலை எடுப்பேன். மணி அடிக்கும். “தெருவுல என்ன சத்தம்?” திரும்பி வருவேன், மணி அடிக்கும். “சாப்பிட்டியா?” அவளுக்கு பயம், மேடம். உடம்பு முழுக்கப் பூட்டிவிட்டு ஒரு விரலை மட்டும் திறந்துவைத்தால் எனக்கும் பயமாகத்தான் இருக்கும். அது எனக்குப் புரிந்தது. புரிந்துகொண்டே எழுந்து போனேன். ராத்திரியும் அப்படியே. உட்கார்ந்தபடி, நின்றபடி, கையில் சூடான கோலோடுகூடக் கண் அசந்திருக்கிறேன். டீ போட்டால் அது ஆறி ஆடை கட்டின பிறகுதான் வாயில் படும்.

யாரிடமாவது எனக்குத் தூக்கம் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். டீச்சரிடம் சொல்லியிருந்தால் அவர் வந்து உட்கார்ந்திருப்பார். ஆனால் பெற்ற பிள்ளைகள் செய்யாததைச் செய்கிறவள் என்று பெயர் வாங்கிய பிறகு அப்படிக் கேட்க வாய் வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் ஃபியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படுத்தேன். கொஞ்ச நேரம்தான். எழுந்து உள்ளே போனபோது அக்காவின் முகம் முழுக்க நனைந்திருந்தது. அவளால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாது. குனிந்தேன்.

“லைட்டு எரியல பாப்பா. எவ்ளோ அழுத்தினாலும் எரியல. நீ அங்க கரண்ட் அடிச்சுச் செத்துட்டியோன்னு நினைச்சேன்.”

அவள் தனக்காக அழவில்லை. அவளை இப்படி அழவைக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மறுநாள், வேலை முடியும்வரை பெட்டிக்கு மின்சாரம் வராதபடி நிறுத்திவிட்டு, மணிக்குப் போகும் வயரில் மட்டும் ஒரு சுவிட்ச் வைத்தேன். மேசைக்கு அடியில், என் முழங்காலுக்கு மேலே. விளக்கின் வயரைத் தொடவில்லை. சுவிட்சை அணைத்தால் மணி அடிக்காது. ஆனால் அக்கா விரலைச் சாய்த்தால் அவள் எதிரே விளக்கு எரியும். உங்கள் எலக்ட்ரீஷியன் இந்தச் சுவிட்ச் எதற்கு என்று தலையைச் சொறிந்தார். அது அக்காவின் நிம்மதிக்காக வைத்தது.

என் மேசையிலும் அதே மாதிரி ஒரு சிவப்பு விளக்கை வைத்தேன். அவள் விளக்கு எரிந்தால் இதுவும் எரியும். நான் சத்தத்தைத்தான் நிறுத்தினேன், அவள் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. ஒருமுறை எரிந்தால் விட்டுவிடுவேன். மறுபடி மறுபடி எரிந்தால் போவேன். முதலில் அப்படித்தான் இருந்தது.

“அடிச்சேனே, கேக்கலியா?” என்பாள்.

“கேட்டுச்சுக்கா. கையில வேலை, அதான்.”

“பரவால்ல. லைட்டு எரிஞ்சுது. வருவேன்னு தெரியும்” என்பாள்.

அவள் மாறிவிட்டாள், மேடம். இதை டாக்டரும் சொன்னார். பதற்றம் குறைந்துவிட்டது, நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றார். விளக்கு எரிந்தால் போதும், அதைப் பார்த்தபடி அமைதியாகப் படுத்திருப்பாள். எனக்கும் வேலை ஓடியது. மேசை விளக்கு எரிந்தாலும் கை நிற்காமல் பற்றவைக்கப் பழகிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா மகன் வந்தார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். “நல்ல இடம்மா. ராத்திரியும் நர்ஸ் இருக்காங்க. நானே கார் வெச்சுக் கூட்டிட்டுப் போறேன், நீ வாரா வாரம் போய்ப் பாத்துக்கோ” என்றார். “அக்காவை அங்க அனுப்பிட்டு நான் எதுக்கு இருக்கேன்?” என்று கேட்டேன். குரலை உயர்த்தாமல்தான் கேட்டேன். டீச்சரும் அப்போது இருந்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

அவர்கள் போன பிறகு உள்ளே விளக்கு எரிந்தது. போனேன். கதவு திறந்திருந்ததால் அக்கா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“நான் போறேனே பாப்பா” என்றாள். “உனக்கும் மூச்சு விட்ட மாதிரி இருக்கும்.”

“அங்க உனக்கு யாரு இந்த மாதிரி மணி செஞ்சு குடுப்பா?” என்றேன்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். அவள் சிரிப்பது அப்போதெல்லாம் கண்ணில் மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நீங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

அந்த வாரம் சளி கெட்டிப்பட்டிருந்தது. டாக்டர் வந்து பார்த்தார். “கூப்பிட்டா உடனே போற தூரத்துல இருங்க. இதுல தாமதம் கூடாது” என்றார். சரி என்றேன். ஞாயிறன்று ஆயா வர மாட்டாள். காலையிலிருந்து நானே எல்லாம் செய்தேன். மெஷின் போட்டு எத்தனையோ தடவை சளி எடுத்தேன். மத்தியானம் மசித்த சாப்பாடு கொடுத்து, வாய் துடைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். “தூங்குக்கா” என்று சொன்னேன். விரலைத் தகட்டின் அருகே சரியாக வைத்துவிட்டும் வந்தேன். அதில் ஒருநாளும் தவறியதில்லை.

எனக்கு அன்றைக்குக் கோபம் எதுவும் இல்லை. சண்டையும் இல்லை. வெயில் நன்றாக இருந்தது. டீ போட்டேன். மேசையில் உட்கார்ந்து, முழங்காலுக்கு மேலே இருந்த சுவிட்சை அணைத்தேன். அது யோசிக்காமலே செய்கிற வேலையாகிவிட்டிருந்தது. டீ சூடாக இருந்தது. ஊதிக் குடிக்க வேண்டிய அளவுக்குச் சூடு. அப்படி ஒரு டீயைக் குடித்து எவ்வளவு நாள் ஆகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது விளக்கு எரிந்தது.

விளக்கின் பக்கம் என் முதுகு இருந்தது, நான் கவனிக்கவில்லை என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். மேசையில் எங்கே உட்கார்ந்தாலும் அது கண்ணில் படும். நான்தானே அதை வைத்தேன்.

எரிந்தது. அணைந்தது. எரிந்தது. சும்மாதான் என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் சும்மா கூப்பிடும்போது அவள் அப்படிக் கூப்பிட மாட்டாள். நடுநடுவே எனக்கு வர நேரம் கொடுப்பாள். இது அப்படி இல்லை. விரல் நடுங்கினால் விளக்கு எப்படிச் சிமிட்டும் என்று எனக்குத் தெரியும். சளிதான். அது தெரிந்தது. எழுந்தால் சில அடிதான். மெஷினின் சுவிட்சைப் போட்டுக் குழாயை வைத்தால் ஒரு நிமிட வேலை. அதை ஆயிரம் தடவை செய்தவள் நான்.

பிறகு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. நெடுநேரம் எரிந்தது. அது அணையட்டும் என்று காத்திருந்தேன். அணைந்தால் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அது அணையவே இல்லை.

என் கணக்கில் விட்டுப்போனது அந்த ஒன்றுதான். வெளியே வண்டி நிறுத்தும் சத்தம் கேட்டது. டீச்சரின் மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். எப்போதும்போல முதலில் எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாடிக்குப் போவாள். சுவிட்ச் அணைந்தே கிடக்கக்கூடாது என்று தோன்றியது. கையை மேசைக்கு அடியில் விட்டுப் போட்டேன். மணி அடித்தது.

அவள் இன்னும் கூப்பிடுகிறாள் என்றே நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. விரலின் கனத்துக்கே வேலை செய்யும்படி அந்தத் தகட்டை வளைத்தது நான். விரல் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தகட்டுக்குத் தெரியாது. மணி விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. மகளைப் பார்க்க மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த டீச்சர் ஓடி வந்தார். மகளும் வந்தாள். எல்லோரும் உள்ளே போனோம். அக்காவின் விரலைத் தகட்டிலிருந்து டீச்சர்தான் எடுத்துவிட்டார். மணி நின்றது. “ஐயோ, கடைசிவரைக்கும் அழுத்திட்டே போயிருக்காங்களே” என்று அழுதார். என்னைக் கட்டிக்கொண்டார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். கையைத் தொட்டார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். “இப்பத்தான் டாக்டர், மணி அடிச்ச உடனே ஓடியாந்தோம்” என்று டீச்சர் எனக்கு முன்பாகவே பதில் சொன்னார். எனக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். டாக்டர் மறுபடியும் அக்காவின் கையைத் தொட்டுப் பார்த்தார். உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டுமே, அப்புறம் மணி எப்படி இப்போது அடித்தது என்று கேட்டார். மறுநாள் நீங்கள் வந்தீர்கள்.

டீச்சர் இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. நீங்கள் வீட்டில் விசாரிக்க வந்தபோது அவர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் கடந்துபோனபோது, “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஏன் எழுந்து போகவில்லை என்று நேற்றும் கேட்டீர்கள். சொத்து எதுவும் இல்லை என்று உங்களுக்கே தெரியும். அவள் வேதனை தீரட்டும் என்று செய்தேன் என்று சொன்னால் நீங்கள் கொஞ்சம் இரக்கப்படுவீர்கள். எனக்காகப் பேச வந்த வக்கீலும் அப்படிச் சொல்லலாம் என்றார். ஆனால் அவள் சாக வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு முன்னால் தனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது, ஆகிவிட்டால் பாப்பா தனியாகிவிடுவாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் இருக்கும் பதில் ஒன்றுதான். டீ சூடாக இருந்தது. எழுந்து போனால் ஆறிவிடும். சளி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி எரியும். நாளைக்கும் எரியும். எனக்கு ஒரு டீயை முழுதாகக் குடிக்க வேண்டும்போல இருந்தது. குடித்தேன்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அந்த நேரம் முழுக்க மேசையிலேயே இருந்தேனா என்று. இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் திருத்த வேண்டும். டீ முடிந்ததும் எழுந்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். நடையில் போய்க் கதவருகே நின்றேன். கதவின் கீழ்ச் சந்தில் சிவப்பாக வெளிச்சம் தெரிந்தது. உள்ளே மூச்சு முட்டுகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள்மேல் கை வைத்தேன். அது பூட்டியிருக்கவில்லை. தள்ளினால் திறந்துவிடும். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நிற்கும்வரை கையை எடுக்கவில்லை. பிறகுதான் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

நீங்கள் எடுத்த படத்தைப் பாருங்கள். அவள் முகத்தில் பயம் இல்லை. கண் கதவைப் பார்த்தபடி இருக்கிறது. விளக்கு எரிகிறது, பாப்பா வந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தபடியேதான் போயிருக்கிறாள். கட்டிலோடு கிடந்து யாருமே இல்லாமல் போகிறவர்கள் எத்தனையோ பேர். என் அக்காவுக்கு அந்தக் கதி வர நான் விடவில்லை. அவள் தனியாகச் சாகவில்லை, மேடம். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன்.